கணக்கை அறிதலும் பணத்தை எடுத்தலும்: காவிரிப் படுகையில் வங்கி இரகசியத்தின் வரலாறு

வாடிக்கையாளரின் வங்கி அட்டை விவரங்கள் தவறுதலாக இணையத்தில் வெளியானால் அவருடைய பணத்துக்கே ஆபத்து என்ற அச்சம் மிக அண்மைக் காலத்தில் பிறந்தது. கடன், வைப்பு, வட்டி ஆகியவை குறித்த எழுத்துச் சான்றுகள் ஆயிரம் ஆண்டுகளாகக் கிடைக்கும் தஞ்சைப் பகுதியின் வரலாற்றை நோக்கினால், கணக்கு விவரம் ஊரறிய இருப்பதே பாதுகாப்பு என்று கருதப்பட்ட காலமும், அதை மறைப்பதே நாணயம் என்று கருதப்பட்ட காலமும் உண்டு என்பது புலனாகும். இவ்விரு காலங்களுக்கும் பொதுவானது ஒன்று: கணக்கை அறிந்தவர் என்பதனால் மட்டும் எவரும் பணத்தை எடுத்துவிட முடியாது.

1010ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், முதல் இராசராசன் காலத்துப் பொருளியலைக் காட்டும் திறந்த பேரேடு எனத்தக்கவை. கோயிலுக்கு வந்த காசுகளை ஊர்ச்சபைகள் முதலாகப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், வட்டி செலுத்த ஒப்புக்கொண்டதும், சில ஊர்கள் அவ்வட்டியை ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல்லாக அளக்க வேண்டியிருந்ததும், ஊரின் பெயர், முதல், வட்டி ஆகியவற்றோடு அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. நகைகளைப் பதிவு செய்தவர்கள் பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த அணிகளைச் சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கித் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுத்து எழுதினர்.

பண்டாரத்தில் எவ்வளவு பொன் இருக்கிறது என்பதைச் சுவரில் வெட்டி வைப்பது இன்றைய கண்ணுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், கடன் வாங்கிய சபை பின்னாளில் தொகையைக் குறைத்துச் சொல்லவோ, பண்டாரப் பொறுப்பாளர் ஒரு நகையை எடை குறைந்த வேறொன்றால் மாற்றவோ இயலாதபடி தடுத்தது இந்த வெளிப்படைத்தன்மையே. கல்லைப் படித்தவருக்குக் கணக்கு தெரிந்ததே தவிர, அப்படிப்பினால் பண்டாரத்தின் கதவு திறந்துவிடவில்லை.

வட்டித் தொழில் கோயில், சபை ஆகியவற்றின் கையிலிருந்து தனியார் கைக்கு மாறியபோது இந்நிலை தலைகீழானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படுகையின் மிராசுதார்களுக்குக் கடன் கொடுத்தவர்களுள் முக்கியமானவர்களான நாட்டுக்கோட்டை நகரத்தார், அன்றாட வரவு செலவைக் குறிப்பிலும், ஒவ்வொருவர் கணக்கையும் பேரேட்டிலும் எழுதி, குறித்த காலத்துக்கு ஒருமுறை இருப்பு நிலையைக் காட்டும் ஐந்தொகையைத் தயாரித்தனர். நிலத்தை அடகு வைத்த மிராசுதாரின் கடன் வெளியில் தெரிந்தால் அவருடைய மதிப்பு குன்றும். பிறர் அவருக்குக் கடன் கொடுக்கத் தயங்குவர். அறுவடைக்கு முன்பே கடன்காரர்கள் வாசலுக்கு வந்து நிற்பர். ஆகவே பேரேட்டைப் பிறர் பார்வைக்கு வைக்காமை தொழில் ஒழுக்கமாயிற்று. ஓர் ஊரில் எழுதி மற்றோர் ஊரில் பணம் பெறும் ஆணைச்சீட்டான உண்டியலிலும், பணம் தருபவர் அந்தத் தாளை மட்டும் நம்பிவிடாமல், எழுதியவரின் கையெழுத்தையும் கொண்டு வந்தவர் இன்னார் என்பதையும் சரிபார்த்தே கொடுத்தார்.

1904ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தொடங்கப்பட்டு, இன்று சிட்டி யூனியன் வங்கி எனப்படும் கும்பகோணம் வங்கி போன்ற நிறுவனங்கள் இவ்வொழுக்கத்தைச் சட்ட வடிவில் ஏற்றன. வங்கிப் பேரேட்டையே நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லாமல், சான்றளித்த நகலைத் தந்தால் போதும் என்றது 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டம். வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பது வங்கியின் ஒப்பந்தக் கடமை என்றும், சட்டக் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளர் இசைவு ஆகிய நான்கே அதற்கு விலக்கு என்றும் 1924இல் இங்கிலாந்தின் டூர்னியர் வழக்கில் வந்த தீர்ப்பை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றின. 1955ஆம் ஆண்டின் பாரத ஸ்டேட் வங்கிச் சட்டமும், 1970ஆம் ஆண்டின் வங்கி நாட்டுடைமைச் சட்டமும் இரகசியக் காப்பைத் தனிப் பிரிவுகளாகவே சேர்த்தன. அக்காலத்தில் காசோலையுடன் வந்தவருக்குப் பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, எழுத்தர் மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிட்ட பிறகே காசாளர் அவரை அழைத்தார். கணக்கு எண் தெரிந்த அயலார் அந்த வரிசையில் நின்றாலும் பயனில்லை.

அறிதலுக்கும் எடுத்தலுக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியை அழித்தது அட்டை. பெரும்பாலும் பதினாறு இலக்கம் கொண்ட அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்றிலக்கச் சரிபார்ப்பு எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தாலே பொருள் வாங்கலாம் என்ற முறை வந்தபோது, கையொப்பமும் நேரில் வருதலும் தேவையற்றுப் போயின; அறிதலே எடுத்தலாயிற்று. 2016இல் ஏ.டி.எம். சேவை நிறுவனம் ஒன்றின் கணினியில் தீநிரல் புகுந்ததால் நாடு முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஐயத்துக்குள்ளாயின. 2019 அக்டோபரில் 13 லட்சம் அட்டைகளின் விவரங்கள், பெரும்பாலும் இந்தியர்களுடையவை, இணையக் கள்ளச்சந்தை ஒன்றில் விற்பனைக்கு வந்தன.

திருட்டு இன்றி வெறும் கவனக்குறைவால் நேர்ந்த கசிவுக்கும் சான்று உண்டு. தவறிய அழைப்பு கொடுத்தால் இருப்புத் தொகையைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கும் பாரத ஸ்டேட் வங்கியின் சேவைக்குரிய வழங்கி ஒன்று கடவுச்சொல்லின்றித் திறந்து கிடந்ததும், அதில் தொலைபேசி எண், இருப்புத் தொகை, கணக்கு எண்ணின் ஒரு பகுதி ஆகியவை தெரிந்ததும் 2019 ஜனவரியில் வெளியாயின. அட்டை எண்கள் அதில் இல்லை. ஆனால் யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, அவரை எந்த எண்ணில் அழைக்கலாம் என்பது ஏமாற்றுபவருக்குப் பெரிய கைம்முதல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார் ஆகியவற்றோடு வங்கிப் புத்தக நகலையும் கொடுத்துவிட்டு, நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறியதா என்று கைப்பேசியைப் பார்த்திருக்கும் படுகை விவசாயிக்கு, வங்கியிலிருந்து பேசுவதாக வரும் குரல் எளிதில் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் அறிதலையும் எடுத்தலையும் மீண்டும் பிரிக்கும் முயற்சிகளே. 2009 ஆகஸ்டு முதல் இணைய அட்டைப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது உறுதிப்பாடு கட்டாயமாயிற்று. அதுவே பின்னர் ஒருமுறைக் கடவுச்சொல்லாக, அதாவது ஓ.டி.பி.யாகப் பரவியது. 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க இயலாது. அந்தத் தளத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் மாற்றுக் குறியீடான டோக்கனையே வைத்திருக்கலாம். ஒரு தளத்திலிருந்து டோக்கன்கள் கசிந்தாலும் வேறிடத்தில் அவற்றால் பொருள் வாங்க முடியாது.

இழப்பு யாருடையது என்பதையும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்தது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறிழைக்காத கசிவில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் முறையிட்டவருக்குப் பொறுப்பில்லை. தம் இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். கோயில் பண்டாரமும், பேரேட்டுக்காரரும், கையொப்பத்தை ஒப்பிட்ட எழுத்தரும் சுமந்த காவற்கடமையின் ஒரு பங்கு இவ்வாறு கணக்குடையவர் தோளுக்கு மாறியிருக்கிறது. அட்டை விவரப் பட்டியலைத் திருடுவதைவிட ஓ.டி.பி.யைக் கேட்டுப் பெறுவது எளிது என்று மோசடிக்காரர்கள் கண்டுகொண்டதும் இதனால்தான்.