‘எக்ஸ்போஷர்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் பெருவழக்காக வழங்கும் ‘எக்ஸ்போஷர்’ என்னும் பெயர்ச்சொல், கடுங்குளிரில் காப்பின்றிக் கிடத்தல், மறைத்த குற்றம் அம்பலமாதல், ஒளிப்படத் தகட்டின்மேல் ஒளி விழுதல், வீடு நோக்கும் திசை எனப் பல பொருள் தருவது. தொடர்பற்றன போலத் தோன்றும் இப்பொருள்கள் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதையும், தமிழாக்கத்தில் அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இதன் மூலம் ‘எக்ஸ்போனெரே’ என்னும் இலத்தீன் வினையாகும். ‘எக்ஸ்’ என்பது வெளியே. ‘போனெரே’ என்பது வைத்தல். சரக்கைக் கரையில் இறக்குதல், பிறந்த குழவியை வளர்க்காது வெளியே கைவிடுதல், கருத்தை விளக்கியுரைத்தல் ஆகிய மூன்றையும் உரோமர் இவ்வினையாற் குறித்தனர். வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பெயர் வடிவமோ ஆங்கிலத்திலேயே அமைந்தது. ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்து இரண்டாம் அங்கத்தில், கொலைச் செய்தியால் உறக்கம் கலைந்து அரைகுறை உடையோடு நிற்போரைப் பற்றி இச்சொல் வருகிறது. காப்பு நீங்குதலும் அதனால் வருந்துதலும் ஆண்டு ஒருங்கே அமைந்துள்ளன.

பின்னர் அறிவியல் இச்சொல்லை ஏற்றது. 1839இல் தாகெர் முறை வெளியாகி ஒளிப்படக்கலை பரவியபின், தகட்டின்மேல் ஒளி விழவிடுதலை இச்சொல் குறித்தது. 1895இல் இரோன்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1962இல் கதிர்வீச்சு அலகுகள் பற்றிய பன்னாட்டு ஆணையம், அக்கதிர் காற்றில் விளைக்கும் மின்னூட்டத்தின் அளவிற்கே இதனைப் பெயராக்கியது.

இன்று தமிழில் இவை அனைத்திற்கும் ‘வெளிப்பாடு’ என்றே பலர் எழுதுகின்றனர். இலத்தீன் முன்னொட்டின் பொருள் இதில் உளதே எனின், பகுதிப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு என்க. வெளிப்பாடு அகத்திருந்து புறம் வருவது. கதிரோ புறத்திருந்து உடல்மேற் படுவது. ‘நோயாளியின் கதிர்வீச்சு வெளிப்பாடு’ எனின், நோயாளியே கதிரை வீசுவதாகப் பொருள்படும். மருத்துவ அறிவுரையில் இத்திசைமாற்றம் சிறு பிழையன்று.

தமிழில் ‘படு’ என்னும் வினை, மேலே விழுதலையும் துன்புறுதலையும் ஒருங்கே உணர்த்தும். ஆகலின் ஒளிபடல், கதிர்படல், குளிர்படல் எனப் படும்பொருளை முன்வைத்து வழங்குதல் தகும். குற்றத்தை அம்பலமாக்குதற்கு ‘வெளிப்படுத்தல்’ என்பதே பொருந்தும். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் பல சொற்களால் தெளிவுறுத்துதல் குறையன்று. பொருட்டெளிவே என்று கருதுகிறோம்.