எரியாமல் மிஞ்சிய கோப்புகள்

கென்யாவின் மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் (1952–1960) பிரிட்டிஷ் முகாம்களில் வதைபட்ட பெண்களின் பேச்சைக் கேட்டு, கரோலின் எல்கின்ஸ் 2005இல் ஒரு வரலாற்று நூல் எழுதினார். வாய்மொழியை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று சில வரலாற்றாய்வாளர்கள் குறை சொன்னார்கள்.

ஆவணம் ஏன் குறைவு? அரசைச் சங்கடப்படுத்தும் கோப்புகளைச் சுதந்திர நாடுகளிடம் ஒப்படைக்கக் கூடாதென்று 1961இல் காலனித் துறை அமைச்சர் இயன் மக்ளியோட் உத்தரவிட்டிருந்தார். பல எரிக்கப்பட்டன. மற்றவை பிரிட்டனுக்குப் போய் மறைந்தன.

முகாமில் பாலியல் வதைக்கு ஆளான ஜேன் முத்தோனி மாரா உட்பட ஐந்து முதியவர்கள் 2009இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நெருக்கடியில்தான், 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க்கில் இருப்பதை 2011இல் வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்டது. அதே துறை அவற்றைச் சரிபார்த்து, 2012 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. 2013இல் 5,228 பேருக்கு, வழக்குச் செலவு உட்பட 1.99 கோடி பவுண்ட் தர அரசு இணங்கியது.

ரகசியக் கோப்பு வெளியாவதை அரசின் பெருந்தன்மையாக நினைக்கிறோம். இங்கே அதைத் திறக்க வைத்தது, ஆதாரமே இல்லை என்று ஒதுக்கப்பட்ட பேச்சு. எரிந்த கோப்புகளுக்குள் இருந்த பெண்களுக்கு இன்றும் அது மட்டுமே சாட்சி.