பழம் புத்தகச் செல்வம்

பொன்னும் பூமியும் தேடி வைத்தவரை உலகம் செல்வர் என்று போற்றுகிறது. பழம் புத்தகம் தேடி வைத்தவரையோ பித்தர் என்று சொல்லிவிடுகிறது. பூச்சி அரித்த கடதாசிக்குக் காசு கொடுப்பானேன் என்று வீட்டார் கேட்பர். ஆயினும், தமிழ் மக்கள் இன்று தமது பண்டைப் பெருமையைத் தலைநிமிர்ந்து பேசுகின்றார்கள் என்றால், அதற்கு இந்தப் பித்தர்களே பெரிதும் காரணராவர். அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அது மலைநாட்டவராகிய நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அச்சுப் புத்தகம் பரவுமுன் நூல்கள் ஓலைச்சுவடிகளில் வாழ்ந்தன. ஓலைக்கும் ஆயுள் உண்டு. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். எழுதுவாரற்ற நூல் இறந்துபோகும். ஆடிப் பெருக்கன்று பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கமும், அவற்றை நெருப்பிலிடும் வழக்கமும் தமிழ்நாட்டிற் சில இடங்களில் இருந்தன. அறியாமையால் மட்டுமன்று, பயபக்தியாலும் நூல்கள் அழிந்தன என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

அந்த அழிவை எதிர்த்து நின்றவர்களுள் நமது ஈழநாட்டவர் முன்வரிசையில் நிற்கின்றனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1849ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராக ஏடு தேடி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அதே 1887இல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். இவர்கள் பெருஞ் செல்வரல்லர். திண்ணைகளிலும் பரண்களிலும் கிடந்த கட்டுகளை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமையே இவர்களுடைய முதல். ஒரு பிரதியில் இல்லாத பாட்டு இன்னொரு பிரதியிற் கிடைத்தது. ஒன்றிற் பிழைபட்ட சொல் மற்றொன்றிற் செம்மையாயிருந்தது. நூல் பல கைகளிற் பரவியிருந்தபடியாலேயே மீட்க முடிந்தது. இந்த உண்மையை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அச்சு வந்தபின் நூல்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது தவறு. தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. இன்று அதனைப் பார்க்க விரும்புவோர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை நாடவேண்டியிருக்கிறது. ஆயிரம் பிரதி அச்சிட்ட புத்தகமும் நூறாண்டில் ஒற்றைப் பிரதியாகச் சுருங்கிவிடுவதுண்டு. மலிவுக் கடதாசி பழுத்து நொறுங்குகிறது; இராமபாணப் பூச்சி துளைக்கிறது; மீதியைக் கச்சான் சுருளுக்கும் பலசரக்குப் பொட்டலத்துக்கும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

இங்கேதான் பழம் புத்தக வியாபாரி வருகிறார். அவரைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். அவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவரே என்கிறோம் நாம். சென்னையில் 1900ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில், பழம் புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. பெரும் புலவரும் ஏழை மாணாக்கரும் தோளோடு தோள் உரசி நின்று அங்கே புத்தகம் புரட்டினர். 1985இல் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. கொழும்பிலும் மருதானைப் பக்கத்துத் தெருவோரக் கடைகளில் இந்த வியாபாரம் நடந்துவந்திருக்கிறது. பாரிஸ் நகரத்து ஆற்றங்கரையிலும், கல்கத்தாவின் கல்லூரித் தெருவிலும் இதே காட்சிதான். நிறுத்து வாங்கிய கடதாசிக் குவியலிலிருந்து நல்ல நூலைப் பிரித்தெடுத்து, அதன் அருமையறிந்தவர் கையிற் சேர்ப்பவர் வியாபாரியே. அவர் கண் தவறினால் அந்நூல் மாவாகி மட்டையாகிவிடும்.

விற்பவரிடம் வாங்கிச் சேர்த்தவரின் பெருமைக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் புத்தகங்களோடு நில்லாமல் சஞ்சிகைகள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் எறிந்தவற்றையும் சேர்த்தார். ஏறத்தாழ 50,000 நூல்கள் உட்பட 1,00,000 உருப்படிகள் அவரிடம் திரண்டன. 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஒரு தனிமனிதர் காசு காசாகச் சேர்த்தது இன்று உலகத் தமிழாராய்ச்சிக்கு ஊற்றாக விளங்குகிறது.

இத்தொழிலில் உள்ள இன்பம் அனுபவித்தவர்க்கே தெரியும். பழைய நூலொன்று கைக்கு வந்ததும் முதலில் முகப்பேட்டைப் பார்க்கிறோம். பதிப்பித்தவர் யார், அச்சியந்திரசாலை எது, ஆண்டு என்ன என்று தேடுகிறோம். ஆண்டு பெரும்பாலும் 'பிரபவ வருடம்' என்பதுபோல் அறுபதாண்டுச் சுற்றிலே இருக்கும். பிரபவ என்றால் 1867ஆ, 1927ஆ? அச்சகத்தின் பெயரும் கடதாசியும் சொற்பிரிப்பும் சாட்சி சொல்ல, வழக்கு விசாரிப்பதுபோல் விசாரித்துத் தீர்ப்புக் காணவேண்டும். சக வருடம் கொடுத்திருந்தால் 78ஐக் கூட்டிக்கொள்ளலாம். யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'ணை' எழுத்துக்களைக் கண்டவுடன் மிகப் பழைய நூலென்று துள்ளிவிடவுங் கூடாது. தமிழ்நாட்டு அரசு அவ்வெழுத்துக்களை மாற்றியது 1978இலேதான்.

அச்செழுத்தைவிட நம்மை அதிகம் தடுத்து நிறுத்துவது கையெழுத்தே. முதலேட்டில் யாரோ ஒருவர் தம் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார். ஓரத்திலே பென்சிலால் ஓர் ஐயம் குறித்திருப்பார். பக்கங்களுக்கிடையே காய்ந்த வில்வ இலை கிடக்கும். அந்நூலை நமக்குமுன் படித்து மனமுருகிய ஒருவரோடு முகமறியாமலே உறவு உண்டாகிவிடுகிறது. புத்தம்புதிய புத்தகம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இந்த உறவைத் தரமாட்டாது.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். அலவத்துகொடையிலிருந்து ஒருபுறம் கண்டி, மறுபுறம் மாத்தளை. இந்தக் கண்டிச் சீமை தமிழ் நூல் வரலாற்றிலே வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட அசன்பே சரித்திரம் ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன்னரே, 1869இல், ஆபிரகாம் யோசேப்பு என்பார் கோப்பித் தோட்டத்தைப் பொருளாகக்கொண்டு கோப்பி கிருஷிக் கும்மியை வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் கோ. நடேசையர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையை ஆரம்பித்துத் தொழிலாளருக்காக வாதாடினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாடல்களை இயற்றிச் சிறு பிரசுரங்களாகத் தொழிலாளர் கையிற் கொண்டு சேர்த்தார்.

இவற்றில் எத்தனை இன்று நம் கையில் இருக்கின்றன? நமது முன்னோர் லயத்து விளக்கொளியிலே படித்தவை தோற்கட்டுப் போட்ட பெரிய நூல்களல்ல. சில சதம் விலையுள்ள கும்மியும் சிந்தும், கோயில் திருவிழா நோட்டீசும், சங்கத் துண்டுப் பிரசுரமுமே. மலிவாயிருந்தபடியால் எவரும் காக்கவில்லை. காக்காதபடியால் இன்று அவையே அருமையாகிவிட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பெட்டியில் இடம் குறைவாயிருக்கும்போது பாத்திரம் உள்ளே போகும். பழம் புத்தகம் வெளியே நிற்கும். அதன்பின் 1977இலும் 1983இலும் எழுந்த கலவரத் தீயில் வீடுகளோடு வீட்டிலுள்ள ஏடுகளும் எரிந்தன. தன் வரலாற்றுக்குக் கடதாசிச் சாட்சியில்லாத சமூகத்தைப்பற்றிப் பிறர் எழுதுவதே வரலாறாகிவிடும்.

பெரிய நூல்நிலையம் ஒன்று இருந்தாற் போதுமே என்று சிலர் கூறலாம். போதாது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறொருவர் வீட்டில் மறுபிரதி இருந்த நூல் பிழைத்தது. அங்கே மட்டும் இருந்த சுவடி ஒழிந்தது. ஆகவே, நூல்நிலையமும் வேண்டும். தனியார் அலுமாரிகளும் வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நூலைக் கொண்டுசெல்லும் விற்பனையும் வேண்டும். பூட்டிவைத்த நூலைவிடப் பரவிய நூலுக்கே ஆயுள் அதிகம்.

விற்பனைக்கும் தருமம் உண்டு. குறைந்த பக்கத்தை மறைத்து விற்றலாகாது. படத்தைக் கிழித்துத் தனியே விற்றலாகாது. நூல்நிலைய முத்திரையுள்ள புத்தகத்தை விசாரியாமல் வாங்குதலும் ஆகாது. சீகன்பால்க் பாதிரியார் 1715இல் தரங்கம்பாடியிலே அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதியொன்று, சரபோஜி மன்னரின் கையொப்பத்தோடு தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது. 2005இல் அது காணாமற்போயிற்று. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022இல், லண்டன் நகரத்துச் சேகரிப்பொன்றில் இருப்பதாகத் தமிழ்நாட்டுப் பொலிசார் கண்டறிந்தனர். களவாடிய நூல் எத்தனை கைமாறினாலும் களவே.

இளைஞர்களே, இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டனார் படித்த பெரிய எழுத்துப் பாரதமாயினும், கிழிந்த திருப்புகழாயினும், தோட்டத்துக் கோயில் அழைப்பிதழாயினும், அதை எறியுமுன் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பற்றாதபடி நிழலிற் காற்றாட வைத்து, வேப்பிலையோ வசம்போ இட்டு, சுவரோடு ஒட்டாமல் அடுக்குங்கள். கிழிந்த தாளில் பசை நாடா ஒட்டாதீர்கள். யாருடையது, எங்கே கிடைத்தது என்று ஒரு கொப்பியிற் பதியுங்கள். விற்கவேண்டிய நிலை வந்தால் நிறுத்து விற்காமல், அருமையறிந்தவரிடம் விற்றுவிடுங்கள். அதிற் குற்றமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்து ஏடுகளைப் படியெடுத்து உலகோர் காண வைக்கின்றனர். கொடுக்க மனமில்லாதவர் படியெடுக்கவாவது இடங்கொடுக்கலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பழம் பாட்டுப் புத்தகங்களின் பெயரும், அவற்றை யார் விற்றார், எந்தத் திருவிழாவில் வாங்கினீர்கள் என்பதும் உங்கள் நினைவில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எமது சங்கம் சிறிய அலுமாரி ஒன்றை இதற்கென ஒதுக்குமானால், முதல் தட்டில் வைக்கவேண்டியவை சங்கத்தின் ஆண்டு மலர்களே. முதல் மலர் தொடக்கம் இவ்வாண்டு மலர்வரை ஒன்றும் குறையாமல் வைத்திருக்கும் வீடு நம்மூரில் எது? அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே நமது முதல் வேலையாகட்டும்.