மழைத்துளி திறந்த வழி

1743. பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பிரான்சுவா த லா பெய்ரோனி, ஆண்கள் வெளியே சொல்லக் கூசிய ஒரு நோயை எழுத்தில் பதிந்தார். ஆணுறுப்பின் உள்ளுறையில் தழும்பு திரண்டு கட்டியாகிவிடும். விறைக்கும்போது உறுப்பு வளையும். வலி உயிரை வாங்கும். பிரனீஸ் மலையில் இருக்கும் பாரேஜ் ஊற்றுநீரில் குளிக்கச் சொன்னார் அவர். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, வைத்தியம் நிலைக்கவில்லை. அதன்பின் எத்தனையோ மருந்துகள் வந்து போயின. கடைசியில் ஒரு புது நம்பிக்கை புறப்பட்ட இடமோ, விமானத் தொழிற்சாலை!

1960-களில் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் டோர்னியர் நிறுவனத்துப் பொறியாளர்களுக்கு ஒரு தலைவலி. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தில் சாதாரண மழைத்துளி மோதினாலும் உலோகம் சேதமானது. மோதிய இடத்தில் பிறந்த அதிர்வலை உலோகத்துக்குள் ஊடுருவுவதுதான் காரணம். ஆய்வுக்கூடத்தில் அதிவேகக் குண்டுகளை உலோகத் தகட்டில் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஒருநாள், குண்டு மோதிய அதே நொடியில் ஒரு பொறியாளரின் கை தகட்டில் பட்டுவிட்டது. ஷாக் அடித்தது போல உடல் உதறியது. அளந்து பார்த்தால், தகட்டில் மின்சாரமே இல்லை.

உடலுக்குள் பாய்ந்தது அதிர்வலை. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால், கத்தி வைக்காமலே உடலுக்குள் இருக்கும் ஒன்றை நொறுக்க முடியுமா? மியூனிக் மருத்துவர் கிறிஸ்டியன் ஷோசியும் சக மருத்துவர்களும் பொறியாளர்களோடு கைகோத்தார்கள். குறி, சிறுநீரகக் கல். ஆனால் அல்ட்ராசவுண்டில் கல் இருக்கும் இடம் துல்லியமாகப் பிடிபடவில்லை. இலக்கே தெரியாமல் எதை அடிப்பது? முயற்சி அங்கேயே நின்றுபோகும் போலிருந்தது.

இரு கோணங்களிலிருந்து எக்ஸ்ரே பார்க்கும் ஏற்பாடு கைகொடுத்தது. 1980 பிப்ரவரி 7. நோயாளி ஒருவரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். நீருக்கடியில் தீப்பொறி வெடித்தது; குழிந்த உலோகக் கிண்ணம் அதன் அதிர்வலைகளைக் கல்லின் மீது குவித்தது. கல் தூளானது! சில ஆண்டுகளிலேயே அந்த இயந்திரம் உலகெங்கும் பரவியது. கல்லைக் கரைத்த அலை தழும்பைக் கரைக்காதா என்ற கேள்வி எழ அதிக காலம் ஆகவில்லை.

1989-ல் பெய்ரோனி நோயாளிகளுக்கு அதிர்வலை கொடுத்துப் பார்த்த முதல் அறிக்கை இத்தாலியிலிருந்து வந்தது. தொடர்ந்து பல நாடுகளில் முயன்றார்கள். பலருக்கு வலி குறைந்தது. அங்கேதான் ஒரு சிக்கல். இந்த நோயின் தொடக்கக் கட்டத்து வலி, பலருக்கு நாளடைவில் தானாகவே தணிந்துவிடும். குணமாக்கியது அலையா, காலமா?

விடை காண ஒரே வழிதான் இருந்தது: பாதிப் பேருக்கு உண்மை அலை, மீதிப் பேருக்கு அலை வராத போலிக் கருவி. 2009-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 100 பேர் பங்கேற்றார்கள். உண்மை அலை பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகத் தணிந்தது, வளைவு நிமிரவில்லை. 2013-ல் 102 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. நடந்த இடம், அந்த அலை முதன்முதலில் கல்லுடைத்த அதே மியூனிக். அங்கும் வலி தணிந்தது. ஆனால் வளைவு கூடிப்போனவர்கள், போலிக் கருவிக் குழுவைவிட அலை பெற்ற குழுவிலேயே அதிகமாக இருந்தார்கள்.

2015-ல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் தன் வழிகாட்டுதலை எழுதியது: வளைவை நிமிர்த்தவோ கட்டியைச் சுருக்கவோ அதிர்வலை வேண்டாம், வலிக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். கல் நொறுங்கும், தழும்போ நார் நாராகப் பின்னிய திசு, அது நொறுங்கவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு மருத்துவரிடம் வரும் ஒருவருக்குப் பொய் நம்பிக்கையைவிட இந்த உண்மை பெரிய உதவி. மழைத்துளி திறந்த வழி எதுவரை போகும் என்பதைச் சொன்னது, அலையே வராத அந்தப் போலிக் கருவிதான்.