அளுவிகாரை ஓலையும் ஒருங்குறிக் களஞ்சியமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரைக் கடந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் வடக்கே சென்றால், சாலையோரத்தே பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதைக் காணலாம். அப்பாறைகளின் குகைகளிலே அமைந்திருப்பது அளுவிகாரை. பௌத்த சமயத்தின் மூலநூலாகிய திரிபிடகம் முதன்முதலாக எழுத்து வடிவம் பெற்ற இடம் இதுவே என்பது இலங்கையில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. அந்நிகழ்ச்சியை மகாவமிசம் குறிப்பிடுகின்றது. இடத்தின் பெயரை அது கூறவில்லை. பிற்காலத்து நூல்களே அளுவிகாரையைச் சுட்டுகின்றன. நிகழ்ந்த காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபய மன்னனின் ஆட்சிக்காலம்.

அதற்கு முன்னர் அந்நூற்றொகுதி முழுவதும் துறவிகளின் நினைவிலேயே வாழ்ந்து வந்தது. ஆசிரியர் ஓத, மாணவர் கேட்டு மனத்திற் கொள்வர். வேதத்தை எழுதாக் கிளவி என்று போற்றிய தமிழருக்கும் இம்முறை புதிதன்று. நினைவு என்பது உறுதியான கொள்கலந்தான். ஆயினும், அதனைத் தாங்கும் மனிதர் உயிரோடிருக்கும் வரையிலேயே அது நிலைக்கும்.

வட்டகாமணியின் காலத்திலே அந்த உறுதி ஆட்டம் கண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த படையெடுப்பினால் மன்னன் அரியணை இழந்து, பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். அதே வேளையில் கொடிய பஞ்சம் ஒன்று நாட்டைப் பற்றியது. துறவிகள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர். பஞ்சம் தணிந்தபின் எஞ்சியோர் கூடிப் பார்த்தபோது, மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒரு துறவிதான் என்று தெரிய வந்ததாம். அவரோ ஒழுக்கம் குன்றியவர் எனப் பெயர் பெற்றவர். அவரிடம் பாடங்கேட்க மூத்த துறவி ஒருவர் தயங்கினார். நூல் அழிந்துவிடலாகாது என்று மற்றவர்கள் வற்புறுத்தவே, அவர் சென்று கற்று வந்தார். விநய உரை கூறும் இச்செய்தி, ஒரு பெருநூல் எத்துணை மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டும். நூல்களை எழுதி வைக்க வேண்டும் என்ற முடிவு பிறந்த சூழல் இதுவே.

எழுதுவது என்று முடிவு செய்தவுடன் எழுதிவிட முடியாது. எழுதப்படும் பொருளுக்கு ஏற்ற கொள்கலம் முதலில் ஆயத்தமாக வேண்டும். தாளிப்பனையின் இளங்குருத்து ஓலையை வகிர்ந்து, நீரிலே வேகவைத்து, உலர்த்தி, உருளையிலே தேய்த்து மெருகேற்றி, ஓர் அளவாக நறுக்கித் துளையிடுவர். பின்னரே எழுத்தாணி அதன்மேல் ஓடும். கீறிய எழுத்திலே கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் அது விளங்கித் தோன்றும். நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்பதனாலேயே சிங்கள எழுத்து வளைந்து உருண்டது என்று கூறுவாரும் உளர். ஓலைக்கும் ஆயுள் உண்டு. சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதவேண்டும். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். இதில் எப்படியை விட்டாலும் நட்டம் பின்வருவோர்க்கே. 1848ஆம் ஆண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலப் படை அடக்கியபோது, அளுவிகாரையின் ஏட்டுச் செல்வம் பெரும்பாலும் அழிந்தது.

எழுத்தைப் பழைய கொள்கலத்திலிருந்து புதியதற்கு மாற்றும் இதே வேலை, நம் காலத்திலே கணினியில் மீண்டும் நிகழ்ந்தது. மாத்தளை போன்ற மாவட்டத்திற்கு இது தொலைவான செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் வடக்குச் சாலை வழியே கால்நடையாக இம்மாவட்டத்தினுள் நுழைந்தனர். அன்று முதல் சிங்களமும் தமிழும் அருகருகே எழுதப்படும் மண் இது. ஒருவருடைய பெயரை இரு மொழியிலும் பிழையின்றி ஒரே பதிவில் வைத்திருக்க முடியுமா என்பது இங்கே அன்றாட வாழ்க்கையைத் தொடும் கேள்வி.

தொடக்கத்தில் அது முடியவில்லை. இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்ட பாமினி எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய ‘கே’ எழுத்தின் இருக்கையிலே தமிழ் ‘ம’ அமர்ந்திருந்தது. திரையிலே தமிழ் தோன்றினாலும் கணினியின் உள்ளே இருந்தது ஆங்கில எழுத்தே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கோவைதான் தெரியும். சிங்கள எழுத்துருக்களும் அதே இருக்கைகளை எடுத்துக்கொண்டமையால், ஒரு பதிவைப் பார்த்து அது எம்மொழி என்று கணினியால் அறிய இயலாது. 1990களின் பிற்பகுதியில் தமிழுக்கெனத் திஸ்கி என்ற குறியேற்றம் உருவானது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தாப், தாம் என்ற குறியேற்றங்கள் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. முறைகள் பலவானமையால் பதிவுகளும் பலவாயின.

உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி இருக்கை அளிக்கும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 ஒக்டோபரில் வெளிவந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றது; சிங்களம் 1999இல் மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. ஒருங்குறியைப் பைற்றுகளாக எழுதும் யூ.ரி.எவ்-8 என்ற முறையைக் கென் தொம்சன், ரொப் பைக் என்ற இருவர் 1992இல் வகுத்தனர். அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று. ‘மாத்தளை’ என்ற பெயர் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியிலோ ஏழு குறி. ஆகவே இருபத்தொரு பைற்று.

இங்கேதான் கொள்கலத்தின் கேள்வி எழுந்தது. இணையத்தளங்களை நடத்தும் மென்பொருள்கள் ஒருங்குறிக்கு மாறலாயின. அவை தம் செய்திகளைச் சேமித்து வைத்த தரவுத்தளமோ பழையதாக இருந்தது. பெரிதும் வழக்கிலிருந்த மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தளம், சுவீடன் நாட்டிலே தோன்றியமையால், மேலைநாட்டு இலத்தீன் எழுத்தையும் சுவீடிய அகரவரிசையையுமே இயல்பாகக் கொண்டிருந்தது. யூ.ரி.எவ்-8 எழுத்தை எழுத்தென்றே அறியும் ஆற்றல் அதற்கு 4.1 என்ற பதிப்பில்தான் வந்தது. அப்பதிப்பு 2004 ஒக்டோபரில் பொதுப் பயனுக்கு வெளியாயிற்று. அதற்கு முந்திய பதிப்புகள் நீளத்தைப் பைற்றாலேயே அளந்தன. இருபது அளவுள்ள கட்டத்தில் ‘மாத்தளை’யை இட்டால், இறுதிப் பைற்று ஒன்று வெட்டுண்டு, ஐகாரக் குறி சிதைந்து நிற்கும். இதனாலேயே மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் தரவுத்தளத்தின் பதிப்பு எது என்று பார்க்கவேண்டும் என்ற விதி எழுந்தது.

தரவுத்தளத்தைப் புதுப்பித்துவிட்டால் மட்டும் இடர் தீர்ந்துவிடவில்லை. பழைய பதிவில் இருப்பவை உண்மையில் தமிழ்ப் பைற்றுகள்; ஆயின் அவற்றின்மேல் ஒட்டப்பட்ட சீட்டு இலத்தீன் என்று கூறும். புதிய பதிப்பு அச்சீட்டை நம்பி, ஒவ்வொரு பைற்றையும் ஓர் இலத்தீன் எழுத்தெனக் கொண்டு மீண்டும் மாற்றும். மூன்று பைற்று ஆறாகவோ அதற்கு மேலாகவோ பெருகி, தமிழ் மறைந்து, ஐரோப்பிய எழுத்துக் குவியல் தோன்றும். இதனையாவது திரும்ப மீட்கலாம். ஒருங்குறித் தமிழை இலத்தீன் கட்டத்தினுள் மாற்றிச் செலுத்தினாலோ, ஒவ்வொரு குறியின் இடத்திலும் ஒரு வினாக்குறிதான் எஞ்சும். அதை மீட்க வழியே இல்லை.

இரண்டாவது இடர் ஒன்றும் காத்திருந்தது. அந்தத் தரவுத்தளம் யூ.ரி.எவ்-8 என்று பெயரிட்டு வைத்திருந்த வகை, ஒரு குறிக்கு மூன்று பைற்று வரையிலேயே ஏற்றது. நான்கு பைற்றையும் ஏற்கும் முழு வகை 2010இல் 5.5.3 என்ற பதிப்பில் வந்தது. அன்றாடத் தமிழுக்கு மூன்றே போதும். ஆகவே பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், அதே 2010இல் ஒருங்குறியில் இடம்பெற்ற பிராமி எழுத்துக்கு நான்கு பைற்று வேண்டும். மா, காணி, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கும் நான்கு பைற்றே. பழைய வகைக் கட்டத்தில் இத்தகைய குறி ஒன்றை இட்டால், கண்டிப்பான முறையில் இயங்கும் தரவுத்தளம் அதனை மறுக்கும். நெகிழ்ச்சியான முறையில் இயங்குவது, அக்குறி முதல் எஞ்சிய உரை முழுவதையும் வெட்டிவிட்டு மேற்செல்லும். பழைய காணி உறுதி ஒன்றைப் படியெடுத்து இடுபவர், முதற் பின்னக் குறியோடு ஆவணம் முடிந்துவிட்டதையே பின்னர் காண்பார்.

நான்கு பைற்று வகைக்கு மாறுவதிலும் ஒரு கணக்கு உண்டு. தேடலுக்கு உதவும் சுட்டி ஒன்றின் எல்லை அப்போது 767 பைற்று. மூன்று பைற்று வீதம் 255 குறிகள் அதனுள் அடங்கும். நான்கு வீதம் 191 மட்டுமே அடங்கும். இக்கணக்கைப் பாராமல் மாற்ற முனைந்தவர்கள் இடைவழியில் நின்றனர். 2015 ஏப்பிரலில் வெளியான வேர்ட்பிரஸ் 4.2, தரவுத்தளம் 5.5.3 அல்லது அதற்குப் பிந்தியதா என்று பார்த்த பின்னரே அட்டவணைகளை மாற்றியது. சுட்டியையும் 191 ஆகக் குறைத்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில் நான்கு பைற்று வகையே இயல்பாயிற்று.

இவ்வரலாறு கற்பிக்கும் முறை எளிது. முதலில் உள்ளதைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். அடுத்து, புதிய மென்பொருள் வேண்டும் பதிப்பு தரவுத்தளத்திற்கு உண்டா என்று பார்க்கவேண்டும். பின்னர், பெட்டியில் கிடப்பது உண்மையில் எந்தக் குறியேற்றம் என்று ஆராயவேண்டும். சீட்டுப் பொய்யாயின், எழுத்து வகையை வெறும் பைற்று வகையாக்கி, அதன்பின் ஒருங்குறியென அறிவிக்கவேண்டும். இறுதியாக, தமிழறிந்த ஒருவர் பழையதையும் புதியதையும் அருகே வைத்து வாசிக்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பொறியிடம் விட்டுவிட இயலாது. வினாக்குறிகள் நிறைந்த பதிவும் பொறிக்கு முறையான பதிவே.

அளுவிகாரையில் ஓலை எழுதும் முறையை இன்றும் வருவோர்க்குக் காட்டுகின்றனர். அக்குகைகளில் திரிபிடகம் ஏடேறிய காலத்தில் இலங்கையில் வழங்கிய எழுத்து பிராமி. அந்த எழுத்தில் ஒரு சொல்லை இன்று தரவுத்தளத்தில் வைக்க விரும்புபவர், நான்கு பைற்றை ஏற்கும் பதிப்பு தம்மிடம் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓலையைப் பதப்படுத்திய பின்னரே எழுத்தாணியைத் தொட்டவர்களின் ஒழுங்கும் இதுதான்.