மழை இரவில் பிறந்த ஃபஸ்ஸிங்

போன மாசம் நான் எழுதின ஒரு சின்ன புரோகிராமை ஃபஸ்ஸர்கிட்ட கொடுத்து 3 நாள் ஓடவிட்டேன். பிஎன்ஜி படங்களைத் திறக்கிற புரோகிராம் அது. ஒரு கிராஷ்கூட இல்லை. ‘பரவாயில்லையே, நல்லாத்தான் எழுதியிருக்கோம்’னு சந்தோஷப்பட்டேன். அது ஏன் தப்புன்னு புரிய 1988-க்குப் போகணும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், ஓர் இடிமழை இரவில் வீட்டிலிருந்து டெலிபோன் லைன் வழியாக யூனிக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். லைனில் இரைச்சல். அவர் தட்டாத எழுத்துகள் உள்ளே புகுந்தன. அந்தக் குப்பையை வாங்கிய புரோகிராம்கள் பொத்துப் பொத்தென்று விழுந்ததுதான் அவருக்கு ஆச்சரியம். அதையே மாணவர்களுக்கு புராஜெக்டாகக் கொடுத்து, ‘ஃபஸ்’ என்று பெயரும் வைத்தார். சோதித்த யூனிக்ஸ் ஒவ்வொன்றிலும் கால் பங்குக்குக் குறையாத கருவிகள் விழுந்தன என்று 1990-ல் கட்டுரை வந்தது.

அடுத்து 2013. மிஹாவ் ஸலெவ்ஸ்கி ஏஎஃப்எல் கருவியை வெளியிட்டார். அது ஒரு முயல் இனத்தின் பெயர்! நல்ல ஃபைல் ஒன்றை எடுத்து அங்கங்கே பிட்களை மாற்றும். புரோகிராமுக்குள் புதுப் பாதை திறந்தால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு மேலும் மாற்றும்.

அப்புறம் ஏன் எனக்கு ஒண்ணும் கிடைக்கலை? பிஎன்ஜி ஃபைலில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 4 பைட் செக்சம் இருக்கும். தலைப்பகுதியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கணக்கு இடிக்கும். புரோகிராம் வாசல்லயே திருப்பி அனுப்பிடும். 3 நாளும் என் ஃபஸ்ஸர் வாசல்லதான் நின்னிருக்கு.

2019-ல் தொடங்கிய ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ் இதற்கு வழி வைத்திருக்கிறது: கஸ்டம் மியூட்டேட்டர். எப்படி மாற்றணும், மாற்றிய பிறகு எதைச் சரிசெய்யணும் என்பதை சி மொழியிலோ பைத்தானிலோ நாமே எழுதிச் சொருகலாம். பிட்களை மாற்றியதும் செக்சத்தைத் திரும்பக் கணக்கிட்டு எழுதும் சில வரிகளைப் பைத்தானில் சேர்த்தேன். அன்று மாலையே முதல் கிராஷ். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கும் இடத்தில் எண் நிரம்பி வழிந்து, தேவையைவிடச் சின்ன நினைவகத்தை ஒதுக்கியிருந்தேன்.

புதுப் பாதைகளின் எண்ணிக்கை முதல் நாளே நின்னுபோனதை ஸ்கிரீன் காட்டிக்கிட்டேதான் இருந்தது. நான் கிராஷ் எண்ணை மட்டும்தான் பார்த்தேன். நீங்க ரெண்டையும் பாருங்க.