இப்னு பதூதா ஆசைப்பட்ட சிறு படகு



சென்ற மாதம் மதரஸாவில் பயணத் தொழுகை பற்றிய பாடம் நடத்தினோம். கசர் தொழுகையை விளக்கி முடித்து, படகில் தொழும் சட்டத்திற்கு வந்தோம். நிற்க இயலுமானால் நின்றே தொழ வேண்டும். நின்றால் கடலில் விழுந்துவிடுவோம் என்ற அச்சமிருந்தால் அமர்ந்து தொழலாம். படகு திசை மாறினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்குப் படகு என்றால் சாத்தனூர் அணைதான் நினைவுக்கு வருகிறது. கடலோ நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே, படகில் பல நாள் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினோம். அது நமது ஊர்க் கோபுரத்தடியில் வந்து நிற்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கவில்லை.

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைச் சீனத்திற்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில், ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்த வேளையில் புயல் வீசியது. சுல்தானின் காணிக்கைகளை ஏற்றியிருந்த பெரிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. வெறுங்கையுடன் தில்லி திரும்ப அவருக்கு அச்சம். சில காலம் மேற்குக் கரையில் அலைந்துவிட்டு, 1343ஆம் ஆண்டு மாலத்தீவுக்குச் சென்றார்.

அங்கே கன்னலூஸ் என்று அவர் குறிப்பிடும் தீவிலிருந்து தலைநகர் மஹலுக்குப் போக ஒரு சிறு படகு கிடைத்தது. ‘குந்துரா’ என்பது அதன் பெயர். காலையில் புறப்படுவார்கள். நண்பகலில் ஒரு தீவில் இறங்குவார்கள். மீண்டும் புறப்பட்டு, இரவில் வேறொரு தீவில் தங்குவார்கள். பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலில் இருட்டில் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். இப்படிப் பத்து நாட்கள் கழிந்தன. மேலை நாடுகளில் இன்று சிலர் ஒரு கூடாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திறந்த சிறு பாய்ப்படகில் தன்னந்தனியே கரையோரமாகச் சென்று, இரவுதோறும் கரையேறித் தங்குவதைப் பெரும் இன்பமாகக் கருதுகின்றனர். நமது நூலாசிரியர் தனியாகச் செல்லவில்லை. ஆனால் பயணத்தின் போக்கு ஏறத்தாழ அதுவே.

நான்காம் நாள் இறங்கிய இடத்தில் ஹிலால் என்னும் ஆளுநர் நான்கு ஆட்களுடன் வந்து வரவேற்றார். இருவர் ஒரு கம்பில் நான்கு கோழிகளையும், மற்ற இருவர் இன்னொரு கம்பில் பத்துத் தேங்காய் அளவிலும் தூக்கி வந்தனர். இத்துணைச் சிறு பொருளுக்கு இத்துணை ஆரவாரமா என்று இப்னு பதூதா வியந்தார். அவ்வாறு சுமந்து வருவதே விருந்தினருக்குச் செய்யும் மரியாதை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தில்லியில் பொற்காசுகளை வாரி வழங்கக் கண்ட மனிதர் இந்த நான்கு கோழிகளை மறவாமல் எழுதி வைத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒரு புன்னகை வரும்.

அத்தீவுகளின் மரக்கலங்கள் இரும்பாணி கொண்டு அறையப்பட்டவை அல்ல. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை. ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்று அவரே காரணமும் சொல்கிறார்.

மஹலில் அவர் காஜியானார். கண்டிப்பான காஜி. ஜும்ஆவுக்கு வராதவர்களைச் சாட்டையால் அடிக்கச் செய்தார். பெண்களின் உடை பற்றி ஆணையிட்டு, அதில் தோற்றும் போனார். வஸீருடன் பகை மூண்டது. பதவியை விட்டு 1344இல் மீண்டும் கடலில் இறங்கினார். தெற்கே முலூக் தீவை நோக்கிச் செல்லும் வழியில் ஒரேயொரு வீடு மட்டும் இருந்த ஒரு குறுந்தீவைக் கண்டார். அதில் ஒரு நெசவாளர் மனைவி மக்களுடன் வாழ்ந்தார். சில தென்னைகள், சில வாழைகள், ஒரு சிறு படகு. மீன் பிடிக்கவும், விரும்பிய தீவுக்குச் சென்று வரவும் அந்தப் படகு போதும். தரைப்பறவை என்று அங்கே இருந்தவை இரண்டு காகங்கள் மட்டுமே. அவை பறந்து வந்து இவர்களது மரக்கலத்தைச் சுற்றி வட்டமிட்டன. அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு, அம்மனிதரைக் கண்டு ஏங்கியதாகவும், அத்தீவு தமக்குக் கிடைத்திருந்தால் மரணம் வரும்வரை அங்கேயே ஒதுங்கியிருப்போமே என்று விரும்பியதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார். அரபியில் அவர் கையாண்ட சொல் ‘ஃகிப்தா’ என்பதன் வழி வந்தது. பிறருடைய அருட்கொடை அழிய வேண்டும் என்று நினைப்பது ஹசது. அது அவரிடமே இருக்க, அதுபோல் தமக்கும் வேண்டும் என்று நினைப்பது ஃகிப்தா. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அவர் ஒதுங்கவில்லை. மஃபர் எனப்பட்ட நமது தமிழகக் கரையை நாடினார். அனுபவமுள்ள மாலுமி இல்லாததால், மூன்று நாள் வழியில் ஒன்பது நாள் அலைந்து இலங்கையை அடைந்தார். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியுடன் ஆதம் மலைக்குச் சென்று வந்து மீண்டும் கப்பலேறினார். கரை நெருங்கும்போது காற்று மூர்க்கமாயிற்று. கப்பலுக்குள் நீர் புகுந்தது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மாலுமிகள் மிதவை கட்டினர். தோழர் இருவரையும் தாம் நேசித்த பெண்ணையும் மிதவையில் அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் ஒரு படகு வந்தது. அதில் வந்தவர்கள் இக்கரையில் வாழ்ந்த முஸ்லிம் அல்லாத மக்கள். அவர்கள்தாம் அவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தனர்.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் இப்னு பதூதாவும் அக்காள் தங்கையரை மணந்த சகலர்கள். குதிரையும் பல்லக்கும் வந்தன, விருந்து நடந்தது. அதே பாளையத்தில், பிடிபட்ட மக்கள் கழுவேற்றப்படுவதையும், பெண்களும் குழந்தைகளும் கொல்லப்படுவதையும் அவர் கண்டார். இது இழிசெயல், வேறெந்த மன்னரும் இப்படிச் செய்து நாம் அறியவில்லை, இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்று அவர் எழுதினார். ஒருமுறை உணவு வேளையில் ஒரு கைதி வெட்டப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை அப்படியொரு வேளையில் அவர் எழுந்தபோது, எங்கே போகிறீர் என்று சுல்தான் கேட்க, அஸர் தொழப் போகிறேன் என்றார். சுல்தான் புரிந்துகொண்டு சிரித்தார்.

இங்கேதான் நமது ஊர் வருகிறது. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர், தில்லிப் படைகளால் துவாரசமுத்திரம் சிதைந்த பின், திருவண்ணாமலையைத் தமது இருப்பிடமாகக் கொண்டிருந்தார். கோயிலில் உள்ள வல்லாள மகாராஜா கோபுரம் அவர் பெயரைத் தாங்கியது. 1342இல் கண்ணனூர்க் கொப்பத்தில் கியாஸுத்தீனின் படையிடம் அவர் பிடிபட்டார். அப்போது அவருக்கு எண்பது வயது. விடுவிப்பதாக வாக்களித்து, பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டு, அதன் பின் சுல்தான் அவரைக் கொன்றார். வைக்கோல் அடைத்த அவரது தோலை மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இப்னு பதூதா தம் கண்ணால் கண்டார். வல்லாளரின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தனர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஒரு மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், அந்த ராஜாவைக் கொன்றது நம்ம ஆளா?”

ஆம், முஸ்லிம் மன்னர் என்றோம். வாக்குக் கொடுத்து மீறினார் என்பதையும் மறைக்கவில்லை. இதை நமக்கு எழுதி வைத்தவரும் ஒரு முஸ்லிம், அதுவும் அந்த மன்னரின் சகலர் என்பதையும் சொன்னோம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனாக நின்று வல்லாளருக்குத் திதி கொடுப்பதாக நமது ஊர் இந்துச் சகோதரர்கள் நடத்தும் நிகழ்ச்சியை அப்பிள்ளைகள் அறிவார்கள். அது யாருக்காக என்பதை அன்று அறிந்துகொண்டார்கள். சற்று நேரம் வகுப்பில் பேச்சே இல்லை.

பின்னர் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன், அந்த நெசவாளரின் பெயர் என்ன என்று கேட்டான். நான்கு கோழி கொடுத்தவரின் பெயரைக்கூட எழுதிய இப்னு பதூதா, அவருடைய பெயரை எழுதவில்லை.